நர்சிங்கை விட்டுவிடலாமா என்று யோசித்த ஒன்பது மாதம்

2022 பிப்ரவரி, நைட் டூட்டி, விடியற்காலை நாலரை மணி. மூன்று பேஷண்ட்டுகளின் ஐ.சி.யூ. சார்ட்டையும் மேஜையில் விரித்துவைத்து, 'பொசிஷன் சேஞ்ச்' கட்டங்களில் டிக் போட்டுக்கொண்டிருந்தேன். பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நாலு மணி. மூன்று பேரில் இரண்டு பேர் வென்டிலேட்டரில் இருந்தார்கள். ஒருவரை அந்த இரவு ஒரே ஒரு முறைதான் புரட்டிப் படுக்கவைத்திருந்தேன். இன்னொரு பெரியவருக்கு அதுவும் இல்லை. அவருக்கு பி.பி. இறங்கிக்கொண்டே இருந்தது, நானும் பி.பி.யை ஏற்றும் நாராட் மருந்தின் டோஸை ஏற்றிக்கொண்டே இருந்தேன். அவரைப் புரட்ட இன்னொரு ஆள் கை வேண்டும். அந்த ஆள் பக்கத்து பெட்டில் சளியை உறிஞ்சி எடுக்க சக்‌ஷன் போட்டுக்கொண்டிருந்தாள்.

காலையில் உடம்பு துடைக்கும்போது பார்த்தால், வால் எலும்புக்கு மேலே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்து உரிந்திருந்தது. சார்ட்டின்படி அவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் புரட்டப்பட்ட மனிதர். கீழே என் கையெழுத்து.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஆள் கேட்டிருக்கேன்மா" என்றார். இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வென்டிலேட்டர் பேஷண்ட் ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்று காலேஜில் படித்ததை அங்கே யாரும் உரக்கச் சொல்வதில்லை.

அன்று ஹாஸ்டலுக்குப் போய்த் தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் 'இந்த வேலை நமக்கு வேண்டாம்' என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அதற்கு முன்னால் முதுகு வலி வந்தபோதும், பேஷண்ட்டின் மகன் கையை ஓங்கிக்கொண்டு வந்தபோதும் தோன்றியதுதான். ஆனால் அதெல்லாம் இரண்டு நாளில் போய்விடும். இது போகவில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி முடிவுகளில் பாதி கணக்குதான். நான் பி.எஸ்சி. நர்சிங், 2018-இல் முடித்தேன். கல்விக் கடன் மூன்று லட்சம். கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் 14,500 ரூபாய்க்குச் சேர்ந்து, நாலு வருடத்தில் 21,000-க்கு வந்திருந்தேன். அதில் கடன் தவணை, ஹாஸ்டல் பிடித்தம் போக வீட்டுக்கு ஏழாயிரம் அனுப்பினால் பெரிது. தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் சம்பளம் பற்றி 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், அதையொட்டி மத்திய அரசு போட்ட குழு 200 படுக்கைக்கு மேல் உள்ள இடங்களில் மாநில அரசு நர்ஸுக்குச் சமமாகத் தர வேண்டும் என்று பரிந்துரைத்ததும் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன, அது பரிந்துரைதானே. எங்கள் மருத்துவமனையில் 250 படுக்கை.

எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. அரசு வேலை, வெளிநாடு, மெடிக்கல் கோடிங்.

அரசு வேலை என்றால் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு. எங்கள் ஊர் அக்கா ஒருவர் 2015-இல் முதல் தேர்விலேயே தேறியவர். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். (மருத்துவத் துறை இயக்குநரகம்) வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தவர். "எழுது, ஆனா நிரந்தரம் ஆகுறதுக்குள்ள உனக்கு நரைச்சிடும்" என்றார். அப்போதைக்குத் தேர்வு அறிவிப்பும் இல்லை.

வெளிநாட்டுக்கு ஓ.ஈ.டி. எழுதினேன், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு. பரீட்சைக் கட்டணம் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல், சித்தியின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினேன். ரைட்டிங் பகுதியில் பேஷண்ட்டின் குறிப்புகளைப் படித்து இன்னொருவருக்கு 180 முதல் 200 வார்த்தையில் ரெஃபரல் கடிதம் எழுத வேண்டும். நாலு வருடமாகக் கேஸ் ஷீட்டில் அரைகுறை வாக்கியமாக எழுதிப் பழகிய கைக்கு முழு வாக்கியமே வரவில்லை. மற்ற மூன்றிலும் பி, இதில் சி பிளஸ். இங்கிலாந்துக்கு அது போதும். ஆனால் ரிசல்ட் வந்த வாரம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன், தம்பி அப்போதுதான் காலேஜ் சேர்ந்திருந்தான். 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று நானே சொல்லிக்கொண்டேன். பயமும் ஒரு காரணம்தான், மறைக்கவில்லை. இதே வேலையை, இதே மனநிலையோடு, தெரியாத ஊரில் குளிரில் செய்வதா என்ற பயம்.

அம்மாவின் ஓட்டு கோடிங்குக்கு. "ஏ.சி. ரூம்ல உக்காந்து வேலை. நைட் டூட்டின்னு சொன்னாலே மாப்பிள்ளை வீட்டுல போனை வச்சிடுறாங்க." வந்த மூன்று வரன்களில் இரண்டு உண்மையிலேயே அப்படித்தான் போயின. (கோடிங் கம்பெனிகளிலும் நைட் ஷிஃப்ட் உண்டு என்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை.)

சரி என்று மே மாதம் கோயம்புத்தூரிலேயே ஒரு கோடிங் வகுப்பில் சேர்ந்தேன். டூட்டி இல்லாத நேரத்தில் வகுப்பு. அமெரிக்க மருத்துவமனைகளின் பேஷண்ட் ரெக்கார்டைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய கோடைப் போட வேண்டும், அதை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் கொடுக்கும். கோடர் சான்றிதழுக்கான சி.பி.சி. தேர்வில் 100 கேள்வி, நாலு மணி நேரம், தேற 70 சதவீதம். நர்சிங் படித்தவர்களுக்கு இது பெரிய கஷ்டமில்லை. உடற்கூறும் மருந்துப் பெயரும் ஏற்கெனவே தெரியும். வாத்து தாக்கியதற்கெல்லாம் தனி கோட் உண்டு என்று சார் காட்டியபோது வகுப்பே சிரித்தது. எனக்குப் பிடித்திருந்தது. சத்தியமாக. யாரும் கூப்பிட மாட்டார்கள், அலாரம் அடிக்காது, தண்ணீர் குடிக்க நேரம் இருக்கும்.

மூன்றாவது வாரம் தோல் நோய்கள். எல்89 என்று போர்டில் எழுதினார் சார். படுக்கைப் புண். எந்த இடம், எந்த நிலை என்பதற்கு ஏற்ப கோட் மாறும். வால் எலும்புப் பகுதி, நாலாம் நிலை என்றால் எல்89.154. அப்புறம் ஒன்று சொன்னார்: புண் இருக்கிறது என்பதை டாக்டர்தான் எழுதியிருக்க வேண்டும், ஆனால் அது எந்த நிலை என்பதை நர்ஸ் எழுதிய குறிப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். "நர்ஸ் எழுதினா அதுதான் ஆதாரம். எழுதலைன்னா நடக்கலைன்னு அர்த்தம்."

இதே வாக்கியத்தை நர்சிங் காலேஜிலும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நடக்காததை எழுதினால் என்ன அர்த்தம் என்று இரண்டு இடத்திலும் யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பையன் கோடைக் குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டான். நான் அந்தப் பெரியவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பத்தாம் நாள் இறந்துபோனார், புண்ணால் அல்ல. அப்போதும் அது உள்ளங்கை அளவுக்கு ஆகியிருந்தது.

அன்றிரவு எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. நான் வெறுத்தது புரட்டிப் படுக்கவைக்கும் வேலையை இல்லை. புரட்ட முடியாமல் போனதைத்தான். இரண்டையும் ஒன்றாகப் போட்டு நாலு மாதம் குழப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனாலும் அந்த ஐ.சி.யூ.வில் இனி இருக்க முடியாது என்பதில் சந்தேகம் வரவில்லை.

ராஜினாமா தனிக் கதை. சேரும்போது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து கவுன்சில் பதிவுச் சான்றிதழ் வரை ஒரிஜினல் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருட பாண்ட் எப்போதோ முடிந்துவிட்டது, இருந்தும் 'மேடம் லீவ்', 'சாவி இல்லை' என்று இழுத்தார்கள். ராஜினாமாக் கடிதத்தை நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கினேன். அதையே இமெயிலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்த பிறகுதான் சாவி கிடைத்தது. யாராவது இந்த நிலையில் இருந்தால், அனுபவச் சான்றிதழையும் அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள். அப்புறம் போனால் உங்களை யாருக்கும் தெரியாது.

ஆகஸ்டில் ஊருக்கு வந்தேன், தர்மபுரி மாவட்டம். கோடிங் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் விளம்பரத்தை தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பினான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே போய் நோய்த்தணிப்பு சிகிச்சை (தீராத நோயின் வேதனையைக் குறைப்பது) கொடுக்கும் நர்ஸ் வேலை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம்தான். சம்பளம் 18,000 தொகுப்பூதியம், பதினொரு மாத ஒப்பந்தம். பணி நிரந்தரம் கேட்க மாட்டேன் என்று எழுதித் தர வேண்டும். விட்டுவந்த சம்பளத்தைவிட மூவாயிரம் குறைவு. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. ஹாஸ்டல் செலவு மிச்சம் என்று நோட்டில் எழுதிக் காட்டியதும் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். நவம்பரில் சேர்ந்தேன்.

இதில் சுகமாக எதுவும் இல்லை. வண்டியில் ஒரு நாளைக்குப் பல வீடுகள். ட்யூப் மாற்றுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது. மார்பகப் புற்றுநோய்ப் புண்ணின் வாடை தாங்காமல் மாமியாரை மாட்டுக்கொட்டகைப் பக்கம் படுக்கவைத்திருந்தார்கள் ஒரு வீட்டில். மெட்ரோனிடஸோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினால் வாடை அடங்கும். நாலைந்து நாளில் திண்ணைக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்குள் இன்னும் இல்லை, திண்ணைக்கு. ஒப்பந்தம் முடியும் மாதம் நெருங்கும்போது வயிறு பிசையத்தான் செய்கிறது. அதனால் கோடிங் புத்தகத்தை விற்கவில்லை. ஓ.ஈ.டி. மதிப்பெண்ணுக்கு இரண்டு வருட ஆயுள், அதுவும் முடிந்துவிட்டது.

பக்கவாதம் வந்து படுத்துவிட்ட ஒரு தாத்தாவுக்கு வால் எலும்பில் புண். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே இருந்தது. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு ஆறவைத்துக் கழுவுவதைப் பாட்டிக்குக் காட்டிக்கொடுத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்றேன். பாட்டிக்கு எழுதத் தெரியாது. ஏழாவது படிக்கும் பேரன், கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக்கொடுத்திருந்தான். இடது, மல்லாக்க, வலது. புரட்டியதும் பாட்டி ஒரு கோடு கிழிக்க வேண்டும்.

அடுத்த வாரம் போனபோது ஏழு தாள்களையும் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வியாழக்கிழமைத் தாளில் இரவு இரண்டு மணிக் கட்டமும் நாலு மணிக் கட்டமும் காலியாக இருந்தன.

"தூங்கிட்டேன் சிஸ்டர்" என்றார் பாட்டி. "இப்ப கோடு போட்டுடட்டுமா?"

வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, தாத்தாவைப் புரட்ட ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னேன்.