இரண்டு படி கூடுதல்

ஒட்டன்சத்திரத்தில் பழநி செல்லும் சாலையோரம் 11 ஆண்டுகள் மெஸ் நடத்தினேன். கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய்கறி அனுப்பும் சந்தை உள்ள ஊர் என்பதால், சுமை தூக்குவோர், ஓட்டுநர்கள், காய் கொண்டுவரும் விவசாயிகள் ஆகியோரே எங்கள் வாடிக்கையாளர்கள். சந்தைக்கு வரத்து கூடினால் மதியம் இலை போட இடமிருக்காது. மழை பிடித்துக்கொண்டால் வடித்த சாதம் குண்டானிலேயே கிடக்கும்.

மெஸ் நடத்துபவருக்கு உணவு மிஞ்சுவதைவிடப் பெரிய அச்சம் ஒன்று உண்டு. இரண்டு மணிக்குப் பசியோடு வந்து அமர்பவரிடம் 'சாப்பாடு தீர்ந்துவிட்டது' என்று சொன்னால், அவர் மறுநாள் முதல் எதிர்க்கடைக்குப் போய்விடுவார் என்பதே அது. அதற்காகவே தினமும் இரண்டு படி அரிசியைக் கூடுதலாக உலையில் போடுவேன். பக்கத்திலிருந்த மற்ற நான்கு கடைக்காரர்களும் இதே கணக்கில்தான் போட்டார்கள். பிந்தி வருகிற அதே இருபது பேருக்காக ஐந்து கடைகளிலும் சமைக்கிறோம் என்பது வெகுகாலம் எங்களில் எவருக்கும் உறைக்கவில்லை.

உறைக்க வைத்தது ஒரு தைப்பூசம். பாதயாத்திரைக் கூட்டத்தை நம்பி ஐவரும் இரண்டு மடங்கு சமைத்தோம். சாலை நிறையப் பக்தர்கள் நடந்தார்கள். ஆனால் வழிநெடுக அன்னதானப் பந்தல்கள் இருந்ததால் கடைக்குள் நுழைந்தவர்கள் சொற்பம். மிச்சத்தை வழக்கமாக எடுத்துச் செல்லும் மாட்டுக்காரர், "இம்புட்டுச் சோறு வச்சா மாடு வயிறு உப்பிச் செத்துப்போகும்ணே" என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு வாளியோடு போய்விட்டார். எஞ்சியதைக் கடைக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது பக்கத்துக் கடைக்காரரும் மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

அடுத்த வாரமே ஐவரும் கூடிப் பேசினோம். மதியம் ஒன்றரை மணிக்குக் கைப்பேசியில் கையிருப்பைச் சொல்லிக்கொள்வது, தீர்ந்த கடை மிஞ்சும் கடையிலிருந்து சாதத்தை எடுத்துக்கொள்வது, வார இறுதியில் படிக்கு இவ்வளவு என்று கணக்குத் தீர்ப்பது என முடிவாயிற்று. சாம்பாரையும் சேர்க்க முயன்றோம். ஒரு கடையில் வெல்லம் போடுவார்கள். என் சரக்கு மாஸ்டருக்கோ அது அறவே ஆகாது. மூன்றாம் நாளே கைவிட்டோம். ருசியில் எவரும் விட்டுக்கொடுப்பதில்லை, அது நியாயமும்கூட.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் வந்தது. ஒருநாள் எனக்கு வந்த குண்டானைத் தொட்டுப் பார்த்தால் ஆறியிருந்தது. வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடக்கும் சாதத்தில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரி பெருகக்கூடும். அது உண்டாக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. திருப்பி அனுப்பினேன். அனுப்பியவர் இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை. பிறகு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வெப்பமானி ஒன்று வாங்கி, 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய சாதம் கைமாறக் கூடாது என்று விதித்துக்கொண்டோம். ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்பட வேண்டிய தேவை அதோடு நின்றது.

2022-இல் உலகில் வீணான 105 கோடி டன் உணவில் 28 சதவீதம் உணவகங்களையும் அவை போன்ற உணவுச் சேவை இடங்களையும் சேர்ந்தது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை சொல்கிறது. அதைப் படித்தபோது எனக்கு அந்தக் குழிதான் நினைவுக்கு வந்தது.

ஏற்பாடு தொடங்கிச் சில மாதங்களில் நான் கூடுதலாகப் போட்டுவந்த இரண்டு படி அரை படியாகக் குறைந்தது. "என்னண்ணே, வாளி பாதிகூட நிறையலையே" என்று மாட்டுக்காரர் குறைப்பட்டுக்கொண்டார். புண்ணாக்கு வாங்கும் செலவு கூடிவிட்டதாம்.