சைம்ஸ்: கான்வென்ட் இருந்த இடத்தில் பாஸ்தா

முதலில் ஆத்திரத்தைக் கொட்டிவிடுகிறேன். சிங்கப்பூர் சைம்ஸ் வளாகத்தில் ஒரு கடையில் 14 டாலர் என்று போட்டிருந்த பாஸ்தாவுக்கு பில் 16.79. சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், அதையும் சேர்த்து ஜிஎஸ்டி 9 சதவீதம். விலைக்குப் பக்கத்தில் பொடியாக இரண்டு கூட்டல் குறி இருந்தது. நான் அதை அலங்காரம் என்று நினைத்துவிட்டேன். நம் காசில் ஆயிரத்துக்கு மேல்! உப்பும் இல்லை.

எப்படிப் போவது, என்ன செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். சிட்டி ஹால் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம், உள்ளே நுழையக் காசு இல்லை. அவ்வளவுதான்.

நானும் கன்னியாஸ்திரிகளிடம் அடி வாங்கிப் படித்தவள். இப்போது எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு கான்வென்ட் இருக்கிறது, ஒன்றில்கூட கன்னியாஸ்திரி கிடையாது. சைம்ஸ் இருக்கும் இடமோ அசல் கான்வென்டாக இருந்தது. பினாங்கில் 1852இல் கான்வென்ட் தொடங்கிய குழந்தை இயேசு கன்னியாஸ்திரி சபை, 1854 பிப்ரவரியில் இங்கே வந்தது. மதர் மத்தில்த் ராக்ளோவும் இன்னும் மூன்று பேரும். பாதிரியார் பெரல் வாங்கி வைத்திருந்த கால்ட்வெல் வீட்டில் பத்தே நாளில் வகுப்பு ஆரம்பித்துவிட்டார்கள். (நம் கால்டுவெல் இல்லை. இவர் மாஜிஸ்ட்ரேட் அலுவலக எழுத்தர்.) பணம் கட்டும் பிள்ளைகள் ஒரு பக்கம், அனாதைப் பிள்ளைகள் ஒரு பக்கம். இறைவன் சந்நிதியிலும் ஃபீஸ் ஃபீஸ்தான்.

1904இல் முடிந்த தேவாலயம் இப்போது கல்யாண மண்டபம். நான் போன அன்றும் கல்யாணம், கதவிடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். ஆனால் தூண்களை விடாதீர்கள். உச்சியில் இந்த ஊர்ச் செடியும் பறவையுமாகச் செதுக்கியிருக்கிறார்கள். மொத்தம் 648, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லையாம். பதினொன்று வரை எண்ணினேன், கழுத்து வலித்துவிட்டது.

அப்புறம் அந்தக் கதவு. விக்டோரியா தெருப் பக்கம், மதிலோரம், சின்னது. நம்பிக்கை வாசல் என்று பெயர். வளர்க்க வழியில்லாதவர்கள் பச்சைக் குழந்தைகளைத் துணியில் சுற்றி இங்கே வைத்துவிட்டுப் போவார்களாம். பெரும்பாலும் பெண் குழந்தைகள். சீனர் கணக்கில் புலி வருஷத்தில் பிறந்துவிட்டால் அதற்கு இன்னும் ஆபத்து, குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். கன்னியாஸ்திரிகள் எடுத்து வளர்த்து, படிக்க வைத்து, தையல் சொல்லிக்கொடுத்தார்கள். 1983இல் பள்ளி தோ பாயோவுக்குப் போய்விட்டது. 1996 முதல் இங்கே கடைகள்தான்.

கதவுக்கு முன்னால் நான் நின்ற இருபது நிமிடத்தில் ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. முற்றத்தில் பீர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

பஸ் காசை மிச்சம் பிடிக்க, லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா வரை நடந்தேன். ஆட்டுக்கறி பிரியாணி சாப்பிட்டேன். விலைப்பலகையில் கூட்டல் குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான்.