அம்மாவின் 1.1, தம்பியின் 1.1

போன மாதம் அம்மாவுக்கும் தம்பிக்கும் ஒரே நாளில் இரத்தப் பரிசோதனை செய்வித்தோம். அம்மாவுக்கு 68 வயது. நுவரெலியாவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். தம்பிக்கு 30. இருவரின் ரிப்போர்ட்டிலும் கிரியேட்டினின் 1.1 என்றே இருந்தது. பக்கத்தில் 0.6 முதல் 1.3 வரை என்று எல்லோருக்கும் பொதுவான அளவொன்று அச்சிடப்பட்டிருந்ததால், குறையொன்றுமில்லை என்று நானும் நம்பிவிட்டேன். அம்மாவின் தாளில் வயதுக்கான கட்டம் வெறுமையாகக் கிடந்ததைக் கவனிக்கவில்லை.

கிளினிக்கில் வைத்தியர் முதலில் கேட்டதே, "அம்மாவுக்கு எத்தனை வயசு?" என்றுதான். கிரியேட்டினின் தசையில் உண்டாகி, சிறுநீரகத்தால் வடிக்கப்படும் கழிவு. தசை கூடிய இளைஞனிடம் அது நிறையவே உண்டாகும். தசை வற்றிய முதிய பெண்ணிடம் குறைவாகவே உண்டாக வேண்டிய அது, அதே 1.1இல் நிற்கிறதென்றால் வடிக்கும் வேலை தளர்ந்திருக்கக்கூடும். சிறுநீரகம் வடிக்கும் வேகத்தை, கிரியேட்டினினோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் 2021ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் தம்பிக்கு ஏறத்தாழ 93, அம்மாவுக்கு 55 வந்தது. 60க்குக் கீழே மூன்று மாதமாவது நீடித்தால்தான் அதை நாட்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள் என்பதால், மீண்டும் பரிசோதிக்கத் தேதி குறித்துக் கொடுத்தார்.

என்னைப் பயமுறுத்தியதோ அம்மாவின் இ.எஸ்.ஆர். 34தான். இரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம் அது; உடலில் அழற்சி இருந்தால் கூடும். அதற்கு மட்டும் நட்சத்திரக் குறி போட்டிருந்தார்கள். பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டிப் பாதியாக்கினால் வருவது மேல் எல்லை என்ற பழைய கைக்கணக்கின்படி அம்மாவுக்கு 39 வரை போகலாம். ஆண்களுக்கு வயதில் பாதி, ஆகவே தம்பிக்கு 15தான்.

அம்மாவின் எடை 52 கிலோ. கல்யாணத்தின்போதும் அதேதான் என்பது அவருடைய பெருமை. ஆனால் மாதவிடாய் நின்ற பின் தசை கரைந்து, அந்த இடத்தைக் கொழுப்பு, முக்கியமாக வயிற்றில், பிடித்துக்கொண்டால் தராசு ஒன்றும் காட்டாது. நாடாவில் இடுப்பு 84 சென்டிமீட்டர். தெற்காசியப் பெண்களுக்கு எல்லை 80, ஆண்களுக்கு 90.

ஹீமோகுளோபின் 12.4. பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13க்குக் குறையக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் நுவரெலியா 1800 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்றில் ஒட்சிசன் மெலிந்த உயரத்தில் உடல் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்வதால், அந்தப் பங்கைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். இதை அம்மாவுக்கு விளக்கியபோது, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"கொழுந்துல ஈரத்துக்குக் கழிக்கிற மாதிரியா? எனக்கு எவ்வளவு வெட்டுனாங்க?"