பார்ட் ஃபோர்தானே என்று விட்டேன், ஒரு வருஷம் போச்சு

போன வாரம் அக்கா மகள் காலேஜ் அட்மிஷன் முடித்த கையோடு ஒரு ஜெராக்ஸ் தாளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பி.ஏ. பொருளாதாரம் கிடைத்திருக்கிறது. ஆறு செமஸ்டருக்கும் என்னென்ன பேப்பர் என்று தாளில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். "மாமா, நான் எகனாமிக்ஸ்தானே சேர்ந்தேன்? இதுல வேற என்னென்னமோ இருக்கே. இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டாள். உள்ளே இட்லி ஊற்றிக்கொண்டிருந்த எங்கம்மா, "அவனைப் போய்க் கேக்குற பாரு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஒரு கதை இருக்கிறது.

முதலில் அவள் கேட்டதற்குப் பதில். நான் வடசென்னைக் கொருக்குப்பேட்டையிலிருந்து போய் பி.எஸ்சி. கணக்கு சேர்ந்தது 2015இல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கலை, அறிவியல் கல்லூரிகளில் டிகிரிக்கு மொத்தம் 140 கிரெடிட், அதாவது ஒவ்வொரு பேப்பரும் பாஸானால் நம் கணக்கில் சேரும் புள்ளி. இது ஐந்து பார்ட்டாகப் பிரியும். பார்ட் ஒன் தமிழ் அல்லது வேறு மொழி, பார்ட் டூ ஆங்கிலம். பார்ட் த்ரீதான் நாம் சேர்ந்த மேஜர், அதோடு அல்லைடு என்கிற துணைப்பாடம், எலெக்டிவ் என்கிற விருப்பப்பாடம். பார்ட் ஃபோரில் சாஃப்ட் ஸ்கில்ஸ், என்எம்இ என்கிற வேறு துறைப் பாடம், சுற்றுச்சூழல் கல்வி, வேல்யூ எஜுகேஷன். பார்ட் ஃபைவ் என்எஸ்எஸ், என்சிசி, விளையாட்டு மாதிரி வகுப்புக்கு வெளியே செய்வது. எங்கள் திட்டத்தில் பார்ட் த்ரீக்கு 95 கிரெடிட். மீதி 45 மேஜருக்குச் சம்பந்தமே இல்லாத பாடங்களுக்கு. கணக்குப் பையன் கணக்காகவே சொல்கிறேன், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

அக்கா மகளின் தாளில் சில பெயர்கள் மாறியிருக்கின்றன. என்எம்இயைத் திறன் மேம்பாட்டுப் பாடம் என்ற தலைப்புக்குக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். 2022இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பாடங்களும் கிரெடிட்டோடு உள்ளே வந்துவிட்டன. பெயர் மாறினாலும் கூட்டல் அதே 140தான். எத்தனை பேப்பர், எத்தனை கிரெடிட் என்பது நீங்கள் சேர்ந்த வருஷத்து ரெகுலேஷனைப் பொறுத்தது. சீனியர் அண்ணன் சொன்னதை நம்பாதீர்கள். நான் சொல்வதையும் நம்பாதீர்கள், உங்கள் தாளைப் பாருங்கள்.

சரி, கதைக்கு வருகிறேன்.

நான்காவது செமஸ்டரில், 2017 ஏப்ரலில், சுற்றுச்சூழல் கல்வி எழுதினேன். இவிஎஸ் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அல்லைடு பரீட்சைக்கு முட்டி மோதிப் படித்துவிட்டு, இதற்கு மட்டும் முந்தின நாள் ராத்திரி ஒரு கைடை வாங்கி அரைகுறையாகப் புரட்டினேன். "கத அடிச்சாலே பாஸ் மச்சி" என்றான் பக்கத்து பெஞ்சு நண்பன். அவன் கதை அடித்துப் பாஸ் ஆனான். எனக்குக் கதை வரவில்லை. ரிசல்ட்டில் காலேஜில் போடும் இன்டர்னல் 25க்கு 20, பல்கலைக்கழக எழுத்துத் தேர்வான எக்ஸ்டர்னல் 75க்கு 27. கூட்டினால் 47. பாஸ் மார்க் 40. அப்புறம் எப்படி ஃபெயில் என்று மொபைலை இரண்டு மூன்று தடவை பார்த்தேன்.

விஷயம் இதுதான்: மொத்தத்தில் 40 வாங்கினால் மட்டும் போதாது, எழுத்துத் தேர்விலும் தனியாக 40 சதவீதம் வேண்டும். அதாவது 75க்கு 30. மூன்று மார்க்கில் போய்விட்டது. இன்டர்னலில் நல்ல மார்க் இருக்கிறது, எக்ஸ்டர்னலில் ஒப்பேற்றிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த 30ஐ மறந்துவிடுகிறார்கள். கணக்கு மேஜரே மறந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நான் செய்தது அதைவிட மடத்தனம். நவம்பரில் அரியர் எழுதப் பணம் கட்ட வேண்டும். ஐந்தாவது செமஸ்டரில் அல்ஜீப்ரா, ரியல் அனாலிசிஸ் என்று கனமான பேப்பர்கள். டிகிரியில் ஃபர்ஸ்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸ் என்று போடுவது மேஜரை வைத்துத்தான், பார்ட் ஃபோர் மார்க் அதில் சேராது என்பது தெரியும். சேராத மார்க்குக்கு இப்போது என்ன அவசரம் என்று கடைசித் தேதியை விட்டுவிட்டேன். 2018 ஏப்ரலில் விண்ணப்பம் போட்டேன், ஆனால் ஃபாரத்தில் ஆறாவது செமஸ்டர் பேப்பர்களின் கோட் நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அரியர் பேப்பரின் கோட் நம்பரை எழுதவில்லை. பணம் குறைவாகக் கட்டும்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஹால் டிக்கெட் கைக்கு வந்து, அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் வைக்கும்போதுதான் பார்த்தேன். இவிஎஸ் அதில் இல்லை.

மேஜரில் 80 சதவீதத்துக்கு மேல். ஆனால் ஐந்து பார்ட்டும் முடியாமல் ப்ரொவிஷனல் சர்ட்டிஃபிகேட் கிடைக்காது. எம்.எஸ்சி. சேர்க்கை அந்த வருஷம் போனது. கிளாஸில் சேராத மார்க்தான், ஆனால் அது இல்லாமல் டிகிரியே சேரவில்லை. சொந்தக்காரர்கள் "என்னப்பா, கணக்குல ஃபெயிலா?" என்று கேட்கும்போது, "இல்ல, சுற்றுச்சூழல்ல" என்று சொல்வது இருக்கிறதே, அந்தக் கஷ்டம் யாருக்கும் வேண்டாம்.

2018 நவம்பருக்காக உட்கார்ந்தேன். இந்தத் தடவை கைடைத் தள்ளிவைத்துவிட்டுப் பாடத்திட்டத்தைப் படித்தேன். அதைப் படித்த பிறகுதான், எல்லா இளநிலைப் படிப்புக்கும் இது ஏன் கட்டாயம் என்று தேடினேன். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. அதன் பிறகுதான் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஆறு மாதப் பாடம் ஒன்றை வகுத்தது. அந்தப் பாடத்தில் களப்பணி என்று ஒரு பகுதி உண்டு: உங்கள் ஊரில் மாசுபட்ட இடம் ஒன்றைப் போய்ப் பார்த்து எழுதுங்கள்.

வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் ஊரில் ஒன்றா? எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் கொடுங்கையூர் குப்பைமேடு தெரியும். 300 ஏக்கருக்கு மேல். கோடையில் தீப்பிடித்தால் காயப்போட்ட துணியை அம்மா ஓடிப்போய் எடுப்பார், எடுத்த துணியிலும் புகை வாசனை வரும். மட்கும் குப்பை, மட்காத குப்பை, மீத்தேன் என்று புத்தகத்தில் இருந்ததெல்லாம் அந்தப் புகைதான். இரண்டாம் வருஷத்தில் நான் கொடுத்த களப்பணி அறிக்கை என்ன தெரியுமா? ஊட்டி. நெட்டில் இருந்து எடுத்து எழுதியது. நான் ஊட்டிக்குப் போனதே கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசின் பிரிட்ஜில் ஆரம்பித்துப் பக்கிங்காம் கால்வாய் ஓரமாகவே நடந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டுதான். இது பஞ்ச காலத்தில் வெட்டியது என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியது கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டு. எங்கள் பக்கம், எண்ணூர் வரைக்கும் போவது, அதற்கும் முந்தியது. கோக்ரேன் என்ற வெள்ளைக்காரர் வெட்டியது, 1806இலேயே படகு போயிருக்கிறது. இப்போது அதில் என்ன போகிறது என்று நான் எழுத வேண்டியதில்லை. எண்ணூர் கழிமுகம், கொசஸ்தலை ஆறு, அனல்மின் நிலையச் சாம்பல் என்று மூன்று பக்கத்துக்குக் குறிப்பு எழுதினேன். பரீட்சையில் திடக்கழிவு மேலாண்மை பற்றி ஒரு கட்டுரைக் கேள்வி வந்தது. மனப்பாடம் செய்த வரி ஒன்றுகூட எழுதவில்லை, அடிஷனல் ஷீட் வாங்கினேன். 75க்கு 58.

இன்று வடசென்னையில் படிக்கிற பிள்ளைகளுக்கு எழுத இன்னும் நிறைய இருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது, மீனவர்களின் படகு, வலையெல்லாம் கறுப்பாகப் போனது. கொடுங்கையூரில் பழைய குப்பையைத் தோண்டித் தரம் பிரிக்கிற பயோமைனிங் வேலை நடக்கிறது. தயவுசெய்து ஊட்டியை எழுதாதீர்கள்.

மற்ற பேப்பர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பார்ட் ஒன்னில் மார்க் வரும் என்று தமிழை விட்டுவிட்டு இந்தி, பிரெஞ்சு எடுக்கிறவர்கள் உண்டு. எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு ஒரு வால் இருக்கிறது. பன்னிரண்டாவது வரை தமிழே படிக்காமல் வந்து வேறு மொழி எடுத்தால் பார்ட் ஃபோரில் அடிப்படைத் தமிழ் எழுத வேண்டும். பள்ளியில் தமிழ் படித்துவிட்டு இங்கே வேறு மொழிக்குப் போனால் சிறப்புத் தமிழ். இரண்டிலும் சேராதவர்களுக்குத்தான் என்எம்இ. இது தெரியாமல் முதல் வாரம் என்எம்இ வகுப்பில் போய் உட்கார்ந்து திரும்பி வந்தவர்கள் எங்கள் வகுப்பிலேயே நான்கு பேர்.

அதில் ஒருவன் சௌகார்பேட்டைக்காரன். வீட்டில் மார்வாடி, கடையில் அவன் பேசும் தமிழ் என்னுடையதைவிட வேகம். எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. அடிப்படைத் தமிழ் ஆறாம் வகுப்பு அளவில் இருக்கும் என்றார்கள், அவனுக்கு அதுவே மலை. மின்ட் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு பஸ் போர்டு படிக்க வைத்தேன். 'வள்ளலார் நகர்' இரண்டு நாளில் வந்துவிட்டது. 'திருவொற்றியூர்' மட்டும் ஒரு மாதம் ஆனது. கொம்பு, துணைக்கால், அப்புறம் அந்த 'ற்றி'. ஒரு நாள் பஸ் வருவதற்குள் தூரத்திலேயே படித்துவிட்டு, "மச்சி, ஒற்றியூர்டா!" என்று கத்தினான். பரீட்சையில் என்னைவிட நல்ல மார்க். நான் இன்னும் அவன் கடையில் சட்டைத் துணி எடுத்தால் குறைத்துப் போடுகிறான்.

என்எம்இக்கு எல்லோரும் மார்க் தாராளமாகப் போடும் துறையைத் தேடி ஓடுவார்கள். நானும் ஓடினேன், அங்கே இடம் நிரம்பிவிட்டது. வேறு வழியில்லாமல் அரசியலமைப்புப் பற்றி ஒரு துறை நடத்தியதில் சேர்ந்தேன். அடிப்படை உரிமை, மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று அப்போது வேண்டாவெறுப்பாகப் படித்ததுதான் இன்று டிஎன்பிஎஸ்சிக்குக் கைகொடுக்கிறது. பார்ட் ஒன் தமிழும் அப்படித்தான். குரூப் 4இல் 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். காலேஜில் தமிழ் வகுப்பைக் கட் அடித்துவிட்டு இப்போது பள்ளிப் புத்தகத்தைத் தூசி தட்டுகிற நண்பர்கள் எனக்கு நிறைய.

சாஃப்ட் ஸ்கில்ஸை நாங்கள் கிண்டல் பண்ணுவோம். எங்கள் காலத்தில் ஒரு செமஸ்டருக்கு 3 கிரெடிட், நான்கு செமஸ்டர், மொத்தம் 12. பார்ட் ஒன் தமிழுக்கு உள்ள அதே அளவு. முதல் வகுப்பில் எழுந்து ஆங்கிலத்தில் நம்மைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கொருக்குப்பேட்டை என்று சொல்லக் கூச்சப்பட்டு "நியர் பெரம்பூர்" என்றேன். எனக்கு அடுத்து எழுந்த வியாசர்பாடிப் பெண் ஊரைச் சொல்லி, எங்கள் தெருவில் எத்தனை பேர் ஃபுட்பால் ஆடுகிறார்கள் தெரியுமா என்று உடைந்த ஆங்கிலத்திலேயே இரண்டு நிமிஷம் பேசினாள். கைதட்டல் அவளுக்குத்தான். இதற்கு மேல் அந்தப் பேப்பரில் எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

வேல்யூ எஜுகேஷனுக்குத் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. வகுப்புக்குப் போனால் பாஸ்.

பார்ட் ஃபைவ் ஒரே ஒரு கிரெடிட். ஆனால் என்எஸ்எஸ் என்றால் வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்துக்கு 240, அதோடு ஏழு நாள் முகாம். பகுதி நேர வேலைக்குப் போகிற பிள்ளைகள் முதல் வருஷமே சேர்ந்துவிடுங்கள். மூன்றாம் வருஷத்தில் போய் சாரிடம் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டாம்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அக்கா மகள் தாளை மடித்தாள். "அப்போ நான் என்ன பண்ணணும் மாமா, ஒரே வரியில சொல்லு" என்றாள். ஒரு நோட்டில் 140 என்று எழுதி, ஒவ்வொரு ரிசல்ட் வரும்போதும் பாஸான கிரெடிட்டைக் கழித்துக்கொண்டே வா என்றேன். அரியர் விழுந்தால் அடுத்த வாய்ப்பிலேயே எழுது. பணம் கட்டும் முன் பேப்பர் கோட் நம்பரை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார். ஹால் டிக்கெட் வந்ததும் சாமி படத்துக்குப் போவதற்கு முன்னால் மறுபடி பார்.

"அது ஒரு வரி இல்லையே" என்றாள்.

அம்மா இட்லித் தட்டோடு வந்தார். "சுற்றுச்சூழல் பாடம் வந்தா சொல்லுடி, மாமா ஊட்டியைப் பத்தி நல்லா எழுதித் தருவான்."