இருடா தம்பி, இப்போ அக்கா டர்ன்

இடது கக்கத்தில் ஒருவன், வலது கக்கத்தில் ஒருவன், இரண்டு பேரின் கால்களும் என் முதுகுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். பத்து நிமிடப் போராட்டத்துக்குப் பிறகு இருவரும் அப்போதுதான் சரியாக வாய் பிடித்து உறிஞ்ச ஆரம்பித்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து பெரியவள் வந்து எதிரில் நிற்பாள். "அம்மா, மூச்சா வருது."

தினமும் இதேதான். நான் பால் கொடுக்க உட்கார்ந்தால்தான் அவளுக்கு மூச்சா வரும், தாகம் எடுக்கும், போன வாரம் சோபாவுக்கு அடியில் உருண்டுபோன பந்து அந்த நிமிடமே வேண்டும். சின்னக் குழந்தைக்கு என்ன தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் இரண்டு கைகளும் எப்போது மாட்டிக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும்.

பையன்கள் பிறந்தபோது அவளுக்கு இரண்டே கால் வயது. இப்போது அவர்களுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது, எனக்கும் ஒரு பதிவு எழுதும் அளவுக்குத் தூக்கம் கிடைக்க ஆரம்பித்திருக்கிறது. கர்ப்பமாக இருந்தபோது எல்லோரும் இரட்டைக் குழந்தைகளைப் பற்றித்தான் பயமுறுத்தினார்கள். தூங்கவே முடியாது, குளிக்க நேரம் கிடைக்காது, இப்படி. எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த ஆறு மாதத்தில் என்னை உட்காரவைத்து அழவைத்தது அந்த இரண்டு பேர் இல்லை, மூத்தவள். அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து 12 முறை பால் குடிக்கும். ஆளுக்குப் பத்து என்று வைத்தால் இரண்டு பேருக்கு 20. ஏப்பம் விட வைப்பதையும் சேர்த்து ஒரு முறைக்கு 35 நிமிடம் என்றால், தனித்தனியாகக் கொடுத்தால் கிட்டத்தட்ட 12 மணி நேரம் போய்விடும். மிச்சம் 12 மணி நேரத்தில் இருபது டயப்பர், துணி, சாப்பாடு, தூக்கம், அப்புறம் ஒரு பெரியவள். அதனால்தான் ஒரே நேரத்தில் இருவருக்கும் கொடுக்கக் கற்றுக்கொண்டேன். தூங்குகிற குழந்தையை எழுப்பக் கூடாது என்ற அறிவுரை ஒற்றைக் குழந்தை பெற்றவர்களுக்கு. எங்கள் வீட்டில் ஒருவன் எழுந்தால் மற்றவனையும் எழுப்பிவிடுவோம். ஒரு தடவை பாவம் பார்த்து விட்டுவிட்டால் அன்று ராத்திரி முழுக்க மாறி மாறி ஒருவன் விழித்திருப்பான்.

இருவரும் 35வது வாரத்தில் பிறந்தவர்கள். இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுவார்கள் என்று சொல்லியிருந்ததால் பையெல்லாம் கட்டித் தயாராக இருந்தது, நாங்கள்தான் தயாராக இல்லை. ஒருவன் 2.2 கிலோ, இன்னொருவன் 1.8. சின்னவன் பத்து நாள் என்ஐசியுவில், அதாவது பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், இருந்தான். அந்தப் பத்து நாளும் நான் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். பெரியவளைப் பொறுத்தவரை அம்மா ஒரு நாள் காலையில் வயிற்றோடு கிளம்பிப் போனாள், வயிறு இல்லாமல் வந்தாள், அதற்கப்புறம் தினமும் எங்கோ காணாமல் போனாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருப்பேன். அவள் அப்படியெல்லாம் செய்யவில்லை. எட்டு மாதமாகச் சரியாகக் கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருந்தவள் மறுபடியும் ஜட்டியில் போக ஆரம்பித்தாள், அவ்வளவுதான். தம்பி தங்கை வந்ததும் பல குழந்தைகள் இப்படிப் பின்னோக்கிப் போவார்கள், திட்டாமல் விட்டால் தானாகச் சரியாகும் என்று டாக்டர் சொன்னார். மூன்று மாதம் ஆனது. திட்டாமலும் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

தனக்கும் பால் வேண்டும் என்று ஒரு நாள் கேட்டாள். சரி வா என்றேன். வாயை வைத்தாள், ஒரு சொட்டு போயிருக்கும், முகத்தைச் சுளித்து "நல்லாவே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. மறுத்திருந்தால் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருப்பாள் என்றுதான் தோன்றுகிறது.

பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் எடுக்கிற பொம்மைக் கூடை ஒன்றைத் தயார் செய்து வையுங்கள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். செய்தேன். நான்கு நாள் வேலை செய்தது. ஐந்தாம் நாள் கூடையைக் கவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

எங்கள் வீட்டில் அந்த நாட்களில் அதிகம் பேசப்பட்ட வார்த்தை "இரு". இரும்மா, தம்பி அழறான். இரும்மா, தம்பி தூங்கறான், கத்தாதே. கொஞ்சம் இரு, அம்மா கை ஈரமா இருக்கு. ஒரு மத்தியானம் அவள் பொம்மைகளை வரிசையாகப் படுக்கவைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். கரடி அழுகிறது போல. அதன் வயிற்றில் இரண்டு தட்டு தட்டி, அப்படியே என் குரலில், அதே சலிப்போடு "கொஞ்சம் இரு. கொஞ்சம் இருன்னு சொல்றேன்ல" என்றாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடிப்பதை நிறுத்திவிட்டேன்.

என் தோழி ஒருத்திக்கும் இதே மாதிரி மூன்று. அவளிடம் போனில் புலம்பியபோது, இரு என்று சொல்வதைப் பையன்களிடமும் சொல், அவளுக்குக் கேட்கிற மாதிரி சொல் என்றாள். பச்சைக் குழந்தைக்கு ஒன்றும் புரியப்போவதில்லை, காத்திருக்கச் சொன்னோம் என்று மனதில் வைத்துக்கொள்ளப்போவதும் இல்லை. கேட்டுக்கொண்டிருப்பவளுக்குத்தான் எல்லாம் புரியும். பசியில் கத்துகிறவனை அல்ல, நனைந்த டயப்பரோடு இரண்டு நிமிடம் இருக்கக்கூடியவனைச் சொல்கிறேன்.

முதல் தடவை நான் செய்தது சுத்தப் பித்தலாட்டம். பையன்கள் இருவரும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெரியவள் புதிர்ப் பலகையில் வாத்துத் துண்டைக் காணவில்லை என்று வந்தாள். நான் தொட்டில் பக்கம் திரும்பி, கொஞ்சம் கண்டிப்பான குரலில், "தம்பிங்களா, ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க. இப்போ அக்கா டர்ன்" என்றேன். தூங்குகிற பிள்ளைகளிடம்! அவள் தொட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். வாத்து கிடைத்ததா என்று கேட்காதீர்கள், கிடைக்கவில்லை. இருபது நிமிடம் தேடினோம். அந்த இருபது நிமிடமும் அவள் வாய் மூடவில்லை.

இது எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரமே சின்னவன் கால் கட்டைவிரலைப் பல் பதியக் கடித்து வைத்தாள். ஒரு நிமிடம்கூட மூவரையும் தனியாக விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தோம். வேலி வைத்த விளையாட்டுக் கூண்டு ஒன்று வாங்கிப் பையன்களை உள்ளே போட்டோம், அது அவர்களை உள்ளே வைப்பதற்கு அல்ல, இவளை வெளியே வைப்பதற்கு.

ஆனால் அன்பும் இதே அளவுக்கு ஆபத்து. குழந்தைகளை மல்லாக்க, ஆளுக்கொரு தனிப் படுக்கையில், தலையணை, தளர்வான போர்வை, பொம்மை எதுவும் இல்லாமல் படுக்கவைக்க வேண்டும். மூச்சுத் திணறலும் தூக்கத்தில் நேரும் திடீர் மரணமும்தான் பயம். நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம். ஒரு நாள் எட்டிப் பார்த்தால் சின்னவன் பக்கத்தில் அவளுடைய யானை. இந்த யானை இல்லாமல் அவள் பிறந்ததிலிருந்து ஒரு ராத்திரி தூங்கியதில்லை, துவைக்கப் போட்டால்கூட வாசலில் காத்திருப்பாள். அதைக் கொண்டுபோய்த் தம்பிக்குக் கொடுத்திருக்கிறாள். எப்படி எடுப்பது, என்ன சொல்லி எடுப்பது? யானை ரொம்பப் பெரியது, தம்பி மேலே விழுந்துவிடும், அதனால் நாற்காலியில் உட்கார்ந்து காவல் காக்கட்டும் என்றார் இவர். இப்போது தினமும் பகல் தூக்கத்துக்கு யானை காவல். ராத்திரி டியூட்டி மட்டும் அவளோடு.

பையன்கள் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்தவர்கள், அதாவது ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து வந்தவர்கள், அச்சு அசல் ஒரே முகம். (உங்கள் குடும்பத்தில் யாருக்கு இரட்டை என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு முட்டை வெளிவரும் வகைதான் அம்மா வழியில் வரும், இந்த வகை பொதுவாகப் பரம்பரையில் வருவதில்லை என்று விளக்கி விளக்கி அலுத்துப்போய் இப்போது 'ஆமாம்' என்று மட்டும் சொல்கிறேன்.) ஆரம்பத்தில் எடை வித்தியாசம் இருந்ததால் குழப்பமில்லை. மூன்றாம் மாதத்தில் சின்னவன் எடை ஏறி எட்டிப் பிடித்துவிட்டான். சரி என்று சின்னவன் கால் பெருவிரல் நகத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்தேன். கைவிரல் வேண்டாம், வாயில் வைப்பான். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், இரண்டு பேருக்கும் சிவப்பு நகம். ஒருவனுக்கு நகம் மட்டும், இன்னொருவனுக்கு நகம், விரல், பாதி பாதம். இவர் பக்கத்திலேயே இருந்தாராம். போன் பார்த்துக்கொண்டு.

எது பழைய பாலிஷ் என்று பார்த்தால் தெரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நான்கு மணி நேரத் தூக்கத்தில் அதெல்லாம் தோன்றாது. சின்னவனுக்கு மட்டும் இரும்புச்சத்துச் சொட்டு மருந்து கொடுக்கும் நேரம் வேறு. நானும் இவரும் ஆளுக்கொருவனைத் தூக்கி வைத்துக்கொண்டு காதையும் உச்சிமுடியையும் ஆராய்ந்துகொண்டிருந்தோம். பெரியவள் கீழே இருந்து அண்ணாந்து பார்த்து, "அப்பா கையில குட்டித் தம்பி" என்றாள். எப்படித் தெரியும்? "குட்டித் தம்பிதான்." அவ்வளவுதான் விளக்கம். பிறகு பாலிஷைப் பார்த்துச் சரிதான் என்று உறுதி செய்துகொண்டோம். குட்டித் தம்பி இப்போது பெரிய தம்பியைவிட 200 கிராம் அதிகம், அவள் பெயரை மாற்றுவதாக இல்லை.

முதல் சிரிப்பும் அவளுக்குத்தான். குழந்தைகள் ஆறு, எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிப்பார்கள் என்று அவளிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். தினமும் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று "சிரி, சிரி" என்று கட்டளை. முன்கூட்டிப் பிறந்தவர்களுக்கு வயதைப் பிறந்த நாளிலிருந்து அல்ல, பிறக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும், எங்களுக்கு அது ஐந்து வாரம் பின்னால். இதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? பதினோராவது வாரத்தில் பெரிய தம்பி சிரித்தான். அவள் தும்மியதற்கு.

நடுவில் கஷ்டமான ஒரு மாதம் இருந்தது. பையன்களின் அழுகை உச்சத்தில் இருந்த நேரம், பெரியவள் சளியை வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் பகிர்ந்துகொடுத்தாள். மூன்று மாதத்துக்குக் குறைவான குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே உடனே டாக்டரிடம் போக வேண்டும், இரண்டு ராத்திரி போனோம். எனக்கும் எதுவும் பிடிக்காமல், சாப்பிடப் பிடிக்காமல், காரணமே இல்லாமல் அழுகை வந்துகொண்டிருந்தது. தூக்கமில்லாததால் என்று ஒரு மாதம் ஓட்டினேன், அது தப்பு. இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், இரட்டைக் குழந்தை பெற்றவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். சொன்ன பிறகுதான் ராத்திரியை இரண்டாகப் பிரித்தோம். ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை இவர், கறந்து வைத்த பால், போதவில்லையென்றால் பவுடர் பால். இரண்டு மணியிலிருந்து நான். பவுடர் பால் பற்றிக் கருத்து சொல்ல வருபவர்கள் இரண்டு மணி ஷிப்டை எடுத்துக்கொண்டு பிறகு சொல்லலாம்.

யாருக்கு எப்போது என்ன கொடுத்தோம் என்று எழுத ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். இடது பக்கம் பெரிய தம்பி, வலது பக்கம் குட்டித் தம்பி, நடுவில் ஒரு கோடு. போன மாதம் ஒரு நாள் திறந்தால் ஓரத்தில் பச்சை கிரேயானில் கோணல் மாணலாக இன்னொரு கோடு, அதற்கு அந்தப் பக்கம் முழுக்கக் கிறுக்கல். இது யாருக்கு என்றேன். "எனக்கு."

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு இவர் என்னை எழுப்பிவிட்டுப் போய்ப் படுத்தார். நோட்டை எடுத்துப் பார்த்தேன். இடது பக்கம்: 11.10, 120 மில்லி, டயப்பர். வலது பக்கம்: 11.25, 110 மில்லி, கொஞ்சம் கக்கினான். பச்சைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், இவருடைய கோழிக் கிறுக்கலில்: 12.40, கெட்ட கனவு, யானையோடு பத்து நிமிஷம் மடியில்.