ஐந்தாவது வரைபடம்

ரோமில் இன்று கொலோசியத்துக்கு நடந்துபோகும்போது, சாலையோரச் சுவரில் நான்கு பளிங்கு வரைபடங்கள்.

முதல் படத்தில் ரோம் ஒரு வெள்ளைப் புள்ளி. சோற்றுப் பருக்கை அளவுதான். நான்காவதில் அந்த வெள்ளை மத்தியதரைக் கடலையே வளைத்துக்கொண்டு நிற்கிறது.

1934இல் முசோலினி ஆட்சி வைத்தவை. எத்தியோப்பியாவைப் பிடித்ததும் 1936இல் ஐந்தாவதாக ஒன்றையும் மாட்டினார்கள். போருக்குப் பிறகு அதைக் கழற்றிவிட்டார்கள்.

நிலம் மட்டுமா வேண்டியிருந்தது? 'நாம் சீசரின் வாரிசுகள்' என்று சொந்த மக்களை நம்பவைக்க வேண்டியிருந்தது. அதற்காக எத்தியோப்பியர்கள் மேல் விமானத்திலிருந்து கடுகு வாயு என்ற நச்சு வாயுவைக் கொட்டினார்கள். 1937 பிப்ரவரியில் அந்நாட்டுத் தலைநகர் அடிஸ் அபாபாவில் மூன்று நாள் கொலையும் தீவைப்பும்.

பக்கத்தில் ஒரு சிறுவன் படங்களை விரல்விட்டு எண்ணினான். நான்கோடு நிறுத்திக்கொண்டான்.

எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை.