டூரினில் ஒரு டிசம்பர்: இல்லாத பாரும் காணாமல் போன ஜன்னலும்

"இங்க ஒரு பார் இருக்கணுமேடா."

"அக்கா, ரெண்டு வருஷமா தினமும் இந்த வழியாத்தான் காலேஜ் போறேன். அப்படி ஒண்ணும் கிடையாது."

டூரினில் இறங்கிய அன்று ராத்திரியே தம்பியை இழுத்துக்கொண்டு பியாட்சா சி.எல்.என். சதுக்கத்துக்கு வந்திருந்தேன். குளிர் காதைக் கடித்தது. எனக்கோ ஒரு பழைய இத்தாலிய சினிமாவில் இந்த இடத்தைப் பார்த்தது அப்படியே கண்ணில் நிற்கிறது: பெரிய கண்ணாடி, உள்ளே வெளிச்சம், பொம்மை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்கள். ஓரமாக சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் தம்பி விசாரித்தான். அவர் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது, நான் முதல் ஆள் இல்லை. அது செட்டாம். எட்வர்ட் ஹாப்பர் 1942இல் வரைந்த 'நைட்ஹாக்ஸ்' ஓவியத்தை மனதில் வைத்துப் படத்துக்காகப் போட்டு, முடிந்ததும் பிரித்துவிட்டார்கள்.

படம், தாரியோ அர்ஜெந்தோவின் 'ப்ரொஃபோந்தோ ரோஸ்ஸோ'. 1975. இத்தாலியில் இந்த ரகக் கொலை மர்மப் படத்துக்கு 'ஜாலோ' என்று பெயர். ஜாலோ என்றால் மஞ்சள். மொந்ததோரி பதிப்பகம் 1929 முதல் துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டையில் போட்டதால் ஒட்டிக்கொண்ட பெயர்.

கிறிஸ்துமஸுக்கு வந்த இடத்தில் எதற்குக் கொலைப்படம் என்று தம்பி கேட்டான். காரணம் இருக்கிறது. படத் தொடக்கத்தில் எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே இசை நின்று, ஒரு வீட்டு அறை வரும். அலங்கரித்த கிறிஸ்துமஸ் மரம். குழந்தைகள் பாடும் தாலாட்டு மாதிரி ஒரு பாட்டு. சுவரில் இரண்டு நிழல்கள், ஓர் அலறல், தரையில் வந்து விழும் கத்தி. அதன் பக்கத்தில் ஒரு குழந்தையின் கால்கள் வந்து நிற்கும், வெள்ளை சாக்ஸ், கறுப்பு ஷூ. உடனே ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி எழுத்து ஓடும். அடுத்த இரண்டு மணி நேரமும் அந்த அறைக்குத் திரும்பிப் போகிற கதைதான்.

இத்தாலிக்காரர்களிடம் கிறிஸ்துமஸ் படம் என்று கேட்டால் அவர்கள் சொல்வது வேறு. 1983இல் கார்லோ வன்ஸினாவின் 'வகான்ஸே தி நத்தாலே' வந்த பிறகு, வருஷாவருஷம் பண்டிகைக்கு ஒரு கள்ளக்காதல் காமெடி வருவது வழக்கமாகிவிட்டது. பண்டிகைக் கேக்கான பனெத்தோனேயை வைத்து 'சினெபனெத்தோனே' என்று அதற்குக் கேலிப்பெயர் வேறு. ஒன்று பார்த்தேன், பாதியில் தூங்கிவிட்டேன். அர்ஜெந்தோ படமோ மார்ச்சில்தான் ரிலீஸ் ஆனது.

பார் இல்லாவிட்டால் என்ன, நீரூற்றுகள் இருக்கின்றன. போ நதிக்கு ஓர் ஆண், தோரா நதிக்கு ஒரு பெண், இரண்டும் படுத்த நிலையில் பெரிய கற்சிலைகள். போ சிலை அருகேதான் பியானோக்காரராக வரும் டேவிட் ஹெம்மிங்ஸ் குடிகார நண்பனோடு பேசிக்கொண்டிருப்பார், அலறல் கேட்கும். கதைப்படி ஊர் ரோம். எடுத்ததில் பெரும்பகுதி டூரின். சிலைக்குக் கீழே நின்று பார்த்தால் ஏன் என்று புரிகிறது. சதுக்கம் அவ்வளவு ஒழுங்கு, அவ்வளவு வெறுமை. போர்க்காலத்தில் இங்கிருந்த ஓட்டலில்தான் கெஸ்டபோ தலைமையகம் இருந்தது. இப்போது சதுக்கத்துக்கு, அவர்களை எதிர்த்த விடுதலைக் குழுவின் பெயர்.

மறுநாள் சாயங்காலம் உம்பெர்த்தோ பாலம் வழியாக ஆற்றைக் கடந்தோம். இடது பக்கம் கப்புச்சீனி குன்றின் மேல் தேவாலயம், அதைச் சுற்றி அந்தரத்தில் நீல ஒளி வளையங்கள். ஜெர்மன் கலைஞர் ரெபெக்கா ஹார்ன் செய்தது. 1998 முதல் குளிர்காலத்தில் சீரியல் லைட்டுக்குப் பதிலாக ஓவியர்களையும் சிற்பிகளையும் விட்டு ஊரை விளக்கால் அலங்கரிக்கிறார்கள். அந்த நீலத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பாலத்திலேயே நின்றுவிட்டோம்.

பிறகு கோர்சோ ஜொவான்னி லான்சா, ஏற்றம். படத்தில் வரும் மர்ம வீடான வில்லா ஸ்காட் அங்கேதான். கட்டடக் கலைஞர் பியெத்ரோ ஃபெனோலியோ 1902இல் கட்டியது. கம்பிக் கதவு பூட்டியிருந்தது, உள்ளே விடமாட்டார்கள். வெளியிலிருந்தே பார்த்தோம்: வளைந்து வளைந்து போகும் பால்கனிகள், புடைத்த கண்ணாடி ஜன்னல்கள், கல்லில் கொடியும் பூவும். பயமுறுத்தும் வீடு என்று யாரும் சொல்லமாட்டார்கள், கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. படம் எடுத்தபோது இது கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் விடுதி. அத்தனை பேரையும் படக் கம்பெனி தன் செலவில் ரிமினி கடற்கரைக்கு அனுப்பிவிட்டுப் படம் பிடித்ததாம். கொடுத்துவைத்த பிள்ளைகள்.

கதையில் ஹெம்மிங்ஸ் இந்த வீட்டின் பழைய புகைப்படத்தைப் பார்த்து, அதில் இருக்கும் ஒரு ஜன்னல் இப்போது இல்லை என்று கண்டுபிடிப்பார். நானும் மொபைலில் அந்தக் காட்சியை நிறுத்திவைத்துக்கொண்டு கம்பி வழியாக ஜன்னல் எண்ணினேன். மூன்று தடவை எண்ணி மூன்று கணக்கு வந்தது. நாயோடு வந்த ஒரு அம்மா எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

"போதும்கா, போலீஸைக் கூப்பிடப் போறாங்க."

ராத்திரி அவன் ரூமில் பனெத்தோனேயைப் பிய்த்துத் தின்றுகொண்டே படம் போட்டோம். அவனுக்கு முதல் தடவை. முதல் கொலை நடந்ததும் ஹெம்மிங்ஸ் மாடிக்கு ஓடி, இரண்டு பக்கமும் ஓவியங்கள் மாட்டிய நடையைத் தாண்டிப் போவார். கொலையாளியின் முகம் அங்கேயே, நம் கண் முன்னால், ஒரு கண்ணாடியில் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. தம்பியும் கவனிக்கவில்லை. படம் முடிந்ததும் ரிமோட்டைப் பிடுங்கி அந்த இடத்துக்கே ஓட்டினான்.

"இரு, இரு, நிறுத்து... அடப்பாவி, இருக்குக்கா!"